மலைமேல் பழி போடாதீர்கள்: காபிக் கேள்விகளும் பதில்களும்

சீசன் கூட்டம் இறங்கிவிட்டது, ஊர் கொஞ்சம் மூச்சுவிடுகிறது. போன இதழில் "மலைக்கு வந்து காபிக்காகத் திண்டாடிய கதை இருந்தால் எழுதுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஓட்டல் காபியைத் திட்டியிருக்கிறீர்கள், மீதிப் பேர் வீட்டுக்காரரைத் திட்டியிருக்கிறீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி, நடுநடுவே மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. வருகிறவர்கள் தங்க இரண்டு அறையும் உண்டு. நான் டாக்டர் இல்லை. வந்து தங்குகிறவர்களின் முகத்தைக் காலை ஆறு மணிக்கு, முதல் டம்ளருக்கு முன்னும் பின்னும் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தத் தகுதிதான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். மலை அடிவாரத்து வத்தலக்குண்டிலேயே என் கணவருக்குத் தலை பாரம். சனிக்கிழமை மதியம் தலையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டார், ஏரியைக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டலில் மெஷின் காபி, அதை வாயில் வைக்கமாட்டேன் என்று மூன்று நாளும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வத்தலக்குண்டு மெஸ்ஸில் சாப்பிட்டு ஒரு பில்டர் காபி குடித்தார், அரை மணி நேரத்தில் ஆள் சரியாகிவிட்டார். "மலைக்காற்று எனக்கு ஒத்துக்காது, இனிமேல் எந்த மலைக்கும் வரமாட்டேன்" என்கிறார். உண்மையில் உயரத்தால் இப்படி வருமா? வீட்டில் நாளுக்கு நாலு டம்ளர் குடிப்பவர்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, பதிலை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். நாலு டம்ளர்காரர் மூன்று நாள் காபியைத் தொடவில்லை, தலை வலித்தது, தொட்டார், போய்விட்டது. இதில் மலை எங்கே வந்தது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். காபியை நிறுத்தினால் வரும் தலைவலி பொதுவாக 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் ஆளைப் பொறுத்து இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை இழுக்கும். வத்தலக்குண்டில் தலை பாரம், சனி மதியம் படுக்கை என்று உங்கள் கணவர் கடிகாரம் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவருக்குக் கோபம் குறையும். மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் பகல் முழுக்கச் சேர்ந்துகொண்டே வரும், அதற்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் நமக்கு அசதி, தூக்கம். காபியில் இருக்கும் காஃபீன் என்ன செய்கிறது என்றால், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ஆள் மாதிரி அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சுறுசுறுப்பு. தினமும் இப்படியே நடந்தால் மூளையும் சும்மா இருக்குமா, கூடுதலாக நாலு சீட் போட்டுக்கொள்ளும். ஒருநாள் திடீரென்று துண்டு போடும் ஆள் வரவில்லை. காத்துக்கொண்டிருந்த அத்தனை அடினோசினும் அத்தனை சீட்டிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. காஃபீன் சுருக்கி வைத்திருந்த ரத்தக் குழாய்களும் விரிந்துகொள்கின்றன. தலை விண்ணென்று தெறிக்கும், எரிச்சல் வரும், சிலருக்குக் குமட்டல்கூட வரும். காலை முதல் டம்ளரில் "உயிர் வந்தது" என்கிறோமே, அதில் பாதி ராத்திரி முழுக்கக் காபி இல்லாமல் இருந்ததால் வந்த சின்னத் தொல்லை தீர்ந்த சந்தோஷம்தான்.

உயரம் என்று பார்த்தால் கொடைக்கானல் 2,133 மீட்டர். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களின் கவலை. கொண்டை ஊசி வளைவில் வரும் வாந்தி வேறு கதை, அது வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இன்னொன்று, அவர் தலைவலி மாத்திரை ஏதாவது போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகளிலேயே காஃபீன் சேர்ந்திருக்கும், அதனால் சட்டென்று கேட்கும், கேட்கிறதே என்று அடுத்தடுத்துப் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அப்புறம் எல்லாத் தலைவலியையும் காபிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்தால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் டபராவை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை அவர் மெஷின் காபியை மருந்தாக நினைத்து அரை டம்ளர் விழுங்கட்டும். ருசிக்கு மானம் பார்த்தவர் ஏரியைக் கோட்டைவிட்டார்.

கேள்வி: ஐ.டி. வேலை, ஒரு நாளைக்கு ஆறு காபி ஆகிவிடுகிறது. அடுத்த மாதம் ஐந்து நாள் குடும்பத்தோடு ஊட்டி. வேலை டென்ஷன் இருக்காது, அந்த ஐந்து நாளில் ஒரேயடியாகக் காபியை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனைதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு நல்ல யோசனையாக இருக்கலாம், உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?

ஐந்து நாள் பயணத்தில் இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும்தான் உங்களுக்கு உச்சமாக இருக்கும். அன்றைக்குத்தான் பிள்ளைகள் மலை ரயில் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி 46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம், 208 வளைவு, 16 குகை, ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள். காபி விட்ட இரண்டாம் நாள் தலையோடு அதில் உட்கார்ந்து பாருங்கள்.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு மதுரையில் ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் குடிக்கக் கூடாது, மறுநாள் மதியம்தான் உள்ளே கொண்டுபோனார்கள், அதற்கு மறுநாள் வயிற்றில் தையல் வலியைவிடத் தலைவலி பெரிதாக இருந்தது. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு கட்டி என் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை காபி?" ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வரும் தலைவலியில் காபிக்காரர்களின் பங்கு டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஏகாதசி விரதத்தன்று சாயங்காலம் வரும் தலைவலியிலும் பட்டினியோடு இதற்கும் ஒரு கை இருக்கும்.

விட வேண்டும் என்றால் ஊட்டிக்குக் கிளம்ப இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பில்டர் காபி ஒரு டம்ளரில் 80 முதல் 100 மில்லிகிராம் காஃபீன் என்று தோராயமாக வைத்தால் உங்கள் ஆறு டம்ளர் 480-லிருந்து 600 வரை போகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் எல்லை. முதலில் சாயங்காலக் காபியை எடுங்கள், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் காபி. இரண்டு மூன்று நாள் கழித்துப் பதினொரு மணிக் காபியில் டிகாஷனைப் பாதியாக்குங்கள். மிஷினில் எழுந்துபோய் எடுப்பது பழக்கமா தேவையா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும், பெரும்பாலும் அது நாற்காலியை விட்டு எழ ஒரு சாக்குதான். இப்படி இறங்கினால் ஊட்டியில் காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஒன்றையும் விடுவதா வேண்டாமா என்பதை ஊருக்குத் திரும்பி வந்து யோசியுங்கள். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு என்று ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள், என்னை அல்ல.

கேள்வி: எங்கே போனாலும் பித்தளை பில்டரும் அரைக் கிலோ தூளும் என் பெட்டியில் இருக்கும், மகன் கேலி செய்வான். அது போகட்டும், வீட்டில் மணக்கிற அதே தூள் கொடைக்கானலில் போட்டால் சப்பென்று இருக்கிறதே, ஏன்? மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அதனால் டிகாஷன் இறங்காது என்கிறான் மகன்.
– வாசகர், விருதுநகர்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

மகன் சொல்வதில் முதல் பாதி சரி. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கொடைக்கானலில் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் அரை டிகிரி குறைவு. பருப்பு வேக நேரமாவது இதனால்தான். ஆனால் காபித்தூளில் சாரம் நன்றாக இறங்க 90-லிருந்து 96 டிகிரி போதும் என்பார்கள். ஆக மலையில் கொதிக்கிற தண்ணீர் காபிக்கென்றே கொதிக்கிற மாதிரி.

கோளாறு உங்கள் கையில் இருக்கிறது. விருதுநகரில் கொதித்த தண்ணீரை இறக்கி, சர்க்கரை டப்பா தேடி, பேப்பரைப் புரட்டிவிட்டு ஊற்றுவீர்கள், அங்கே ஒன்றும் ஆகாது. அதே நிதானத்தில் கொடைக்கானலில் ஊற்றினால், குளிரில் சில்லென்று இருக்கும் பித்தளை பில்டர் மிச்ச சூட்டையும் குடித்துவிடும், தூளுக்குப் போய்ச் சேர்வது வெந்நீர்தான். முதலில் பில்டரின் மேல்பாத்திரம், கீழ்ப்பாத்திரம் இரண்டையும் கொதிநீர் விட்டு அலசிக் கொட்டுங்கள். துடைத்துவிட்டுத் தூள் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே கை தாமதிக்காமல் ஊற்றுங்கள், மூடியைப் போட்டு ஒரு துண்டைச் சுற்றிவையுங்கள். என் வீட்டுக்காரர் குளிருக்குப் போடும் மங்கிக் குல்லாயைக் கழற்றிப் பில்டருக்கு மாட்டிவிடுவார், பார்க்கச் சகிக்காது, டிகாஷன் பிரமாதமாக இருக்கும்.

தூளையும் பாருங்கள். மழை மாதங்களில் மேகம் அறைக்குள்ளேயே வந்து உட்காரும், காகிதப் பொட்டலத்தில் இருக்கும் தூள் ஒரே ராத்திரியில் கட்டிதட்டும். எவர்சில்வர் சம்படத்தில் அழுத்தி மூடிக் கொண்டுவாருங்கள். அரைக் கிலோ எதற்கு, மூன்று நாளைக்கு நூறு கிராம் தாராளம். ஓட்டல் கெட்டிலில் மட்டும் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடிக்கும், அடுத்து வருகிறவர்கள் உங்களைச் சபிப்பார்கள். சமையலறையில் போய் ஒரு டம்ளர் கொதித்த பால் கேட்டால் எந்த ஓட்டலிலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது, அதை எடுக்க மறந்து பாதி வழியில் போனை நோண்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், பில்டரை மறந்த காபிக்காரரை இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி: நீலகிரியில் எங்கே பார்த்தாலும் டீதான். காபிக்குப் பதில் டீ குடித்தால் தலைவலி வராதா?
– வாசகி, ஈரோடு

பதில்: பெரும்பாலும் தப்பித்துவிடலாம். டீயிலும் அதே காஃபீன்தான், ஒரு கோப்பைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் என்ற அளவில், அதாவது காபியில் பாதியோ அதற்கும் கீழோ. பழக்கப்பட்ட உடம்பை அமைதிப்படுத்தக் கொஞ்சம் காஃபீனே போதும். குன்னூர், கோத்தகிரி பக்கம் போய்விட்டு அந்த ஊர்த் தேயிலையைக் குடிக்காமல், சுடச்சுட டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிடாமல், காபி எங்கே என்று தேடுவது எனக்கே நியாயமாகப் படவில்லை. காபிக்காரி சொல்கிறேன்.

கேள்வி: கொடைக்கானலில் நல்ல குளிர், நல்ல அமைதி, இருந்தும் மூன்று ராத்திரியும் தூக்கமே வரவில்லை. வீட்டில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டே காபிதான் குடிப்பேன்.
– வாசகர், திருச்சி

பதில்: வீட்டில் இரண்டு, சரி. கொடைக்கானலில் எத்தனை? கோக்கர்ஸ் வாக்கில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று, பைன் காட்டில் இறங்கினதும் ஒன்று, அறைக்குத் திரும்பினதும் ஒன்று, ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டால் அதற்கு ஒன்று. குளிரில் கைக்குச் சூடாக ஏதாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும், பிடித்தால் குடித்துவிடுவோம்.

குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால் பதினொரு மணிக்கு 50 உள்ளேயே இருக்கும், விடிகாலை நாலு மணிக்கும் 25 விழித்துக்கொண்டிருக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் போகும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போக அதிக நேரமாகும். மூன்று மணிக்குமேல் கைச்சூட்டுக்குச் சுக்குமல்லிக் காபி வாங்கிக்கொள்ளுங்கள், காபித்தூள் போடாததா என்று கடையில் கேட்டுவிட்டு.

கேள்வி: மருமகளுக்கு நாலு மாதம். இருவரும் ஊட்டி போகிறார்கள். காபி குடிக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கர்ப்பிணிகள் காஃபீனை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் பரவலான ஆலோசனை. ஒரு காபி, ஒரு டீ என்றால் அடங்கிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மற்றதை அவளைப் பார்க்கிற டாக்டர் சொல்வார். அவளுக்குக் காபி வாசனையே இப்போது பிடிக்காமல் இருக்கலாம், வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: உங்கள் மலையில் வாங்கிய தூளில் காபி போட்டால் எனக்குக் கை நடுங்குகிறது, படபடக்கிறது. ஊரில் அதே அளவுதான் குடிப்பேன், ஒன்றும் செய்யாது. மலைத்தூளில் ஏதாவது கலக்கிறார்களா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கலக்காததுதான் காரணமாக இருக்கும்! ஊரில் நீங்கள் வாங்குவது சிக்கரி சேர்ந்த தூளா என்று பாக்கெட்டில் பாருங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தால் நிறமும் கெட்டியும் கொடுக்கும், காஃபீன் துளியும் கிடையாது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதாவது கிட்டத்தட்டப் பாதி வரை சிக்கரியாக இருக்கலாம். அதில் மூன்று கரண்டி போட்டுப் பழகிய கை, இங்கே வாங்கின தனிக் காபித்தூளிலும் மூன்று கரண்டியே போட்டால் காஃபீன் ஏறத்தான் செய்யும். இத்தனைக்கும் பழனி மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா என்ற காபி வகை, ரொபஸ்டா என்ற இன்னொரு வகையில் காஃபீன் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு கரண்டியைக் குறைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே கதை நடக்கும்: வீட்டில் கெட்டி டிகாஷன் குடிப்பவர், ஓட்டலில் வெளிறிப்போன காபியை அதே நாலு முறை குடித்துவிட்டு "காபி குடித்தும் தலை வலிக்கிறதே" என்பார். டம்ளரை எண்ணுகிறோம், உள்ளே இருப்பதை எண்ணுவதில்லை.

கேள்வி: காபி விற்கிற நீங்களே குறையுங்கள் குறையுங்கள் என்று எழுதுகிறீர்களே, வியாபாரம் படுத்துவிடாதா? நீங்கள் எத்தனை டம்ளர்?
– வாசகர், மதுரை

பதில்: ஆறு டம்ளர் குடித்துவிட்டு வயிறு எரிகிறது என்று ஒரேயடியாக நிறுத்துகிறவரைவிட, இரண்டு டம்ளரை ரசித்து முப்பது வருஷம் குடிக்கிறவர்தான் எனக்கு நல்ல வாடிக்கை, கணக்கு எனக்கும் தெரியும். என் பங்கு காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. தை மாதம் பழம் எடுப்பு நடக்கும்போது மூன்றாவது ஒன்று உண்டு, ஆட்களுக்குப் போடும்போது எனக்கும் விழுந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே போனாலும் கைப்பையில் ஒரு சின்ன சாஷே இன்ஸ்டன்ட் தூள் வைத்திருக்கிறேன், என் பேரன் இதை வெளியில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

டிசம்பரில் தங்க வருகிறேன் என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். வரும்போது யாருக்கு எத்தனை டம்ளர் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே பால்காரர் ஒரு நடைதான் வருவார்.